தோட்டப்புறத்து வீட்டில் பிள்ளைக்கு ஒரு பிறந்தநாள் கேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) இருந்து அம்மாக்களும் அத்தைகளும் சில அப்பாக்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நம் ஊர் வெயில், நம் வீட்டு அடுப்பு, நம் ஆட்களின் சாப்பாட்டுப் பழக்கம் மூன்றையும் கணக்கில் எடுக்காத செய்முறை, படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே கைகொடுக்காது.

பையனுக்கு மூன்று வயதாகப் போகிறது. என்ன தீம் வைப்பது?

கைப்பேசியில் படம் தேடுவதற்கு முன்னால் பிள்ளையைக் கவனியுங்கள். வெளியே போகும்போது எதைக் கண்டால் கையை நீட்டிக் கத்துகிறான்? செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரியா, ஸ்டேஷனில் வந்து நிற்கும் ரயிலா, பக்கத்து வீட்டுக் கோழியா? அதுதான் தீம். சின்னப் பிள்ளைக்குத் தூரத்தில் இருந்து பார்த்ததுமே கேக் என்னவென்று தெரிய வேண்டும். வெளிறிய நிறங்கள், காய்ந்த பூ, பொன் இலை எல்லாம் பெரியவர்களின் ரசனை. பிள்ளை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஒரே ஓர் அடையாளம் போதும். யானை என்றால் காதும் தும்பிக்கையும். ரயில் என்றால் வரிசையாக நிற்கும் பெட்டிகள். நான்கு மிருகம், இரண்டு மரம், ஒரு வானவில், மேலே பெயர்ப்பலகை என்று அடுக்கினால் விருந்தாளிகள் வாசலுக்கு வரும்போதும் நீங்கள் கிரீம் பையோடுதான் நிற்பீர்கள்.

கார்ட்டூன்தான் வேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால், முகத்தைக் கிரீமில் வரைய முயல வேண்டாம். கண் கொஞ்சம் இடம் மாறினாலும் முதலில் கண்டுபிடிப்பது அந்தப் பிள்ளைதான். அந்தக் கார்ட்டூனின் இரண்டு நிறங்களை மட்டும் எடுத்துக் கேக்கைப் பூசுங்கள். பிள்ளையிடம் இருக்கும் பொம்மையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து மேலே வையுங்கள். அந்தப் பொம்மை பிள்ளையின் வாய்க்குள் போகாத அளவு பெரிதாக இருக்க வேண்டும்.

வீட்டில் ஓவன் இல்லை. கேஸ் அடுப்பும் இட்லிப் பானையும்தான் இருக்கின்றன. முடியுமா?

தாராளமாக முடியும். மலேசியாவில் எல்லா இனத்தவர் வீட்டிலும் செய்கிற ஆவியில் வெந்த சாக்லேட் கேக், தீம் கேக்குக்கு ஓவன் கேக்கைவிட நன்றாகவே பொருந்தும் என்பது என் கருத்து. ஈரம் இருப்பதால் இரண்டு நாள் ஆனாலும் வறண்டு போகாது. குளிர வைத்தால் இறுகி, கத்தியால் நினைத்த வடிவத்தில் வெட்ட வரும்.

250 மி.லி. அளவுக் கப்பில் இதோ கணக்கு. சீனி 1¼ கப், இனிப்பில்லாத டின் பால் 1 கப், சமையல் எண்ணெய் ¾ கப், கோக்கோ தூள் ¾ கப். இந்த நான்கையும் ஒரு சட்டியில் போட்டு, சிறு தீயில் சீனி கரையும் வரை கிண்டி இறக்குங்கள். கொதிக்க விடக் கூடாது. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இரண்டு முட்டையும் ஒரு தேக்கரண்டி வெண்ணிலா எசன்ஸும் சேர்த்து அடியுங்கள். அவசரப்பட்டுச் சூடாக இருக்கும்போதே முட்டையை உடைத்து ஊற்றினால் அது திரிந்து கட்டி கட்டியாகிவிடும். அப்புறம் கோதுமை மாவு 1½ கப், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சோடா மாவு ¾ தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, எல்லாவற்றையும் சலித்துப் போட்டு, மாவு மறையும் வரை மட்டும் கலக்குங்கள்.

இந்த அளவு 8 அங்குல டின்னுக்குச் சரியாக இருக்கும். உங்கள் பானைக்குள் அந்த டின் இறங்குமா என்று முதலில் வைத்துப் பாருங்கள். இறங்காவிட்டால் இரண்டு 6 அங்குல வட்ட டின்களில் பிரித்து ஊற்றலாம். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகுதான் டின்னை உள்ளே வைக்க வேண்டும். டின்னை அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, பானை மூடியைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள். மூடியில் சேரும் நீர் சொட்டினால் கேக்கின் மேல்பக்கம் அங்கங்கே கூழாகிவிடும். நடுத்தரத் தீயில் 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். சின்ன டின் என்றால் 35 நிமிடத்திலேயே குச்சியால் குத்திப் பார்க்கலாம். பானையில் தண்ணீர் வற்றினால் கொதிக்கிற தண்ணீரையே ஊற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. கோவில் மண்டபத்தில் வேறு வைக்கிறோம். கேக் உப்பி வருமா?

வரும். தயிரும் சோடா மாவும் சேர்ந்தால் உண்டாகும் வாயுதான் இங்கே முட்டையின் வேலையைச் செய்கிறது. புளிப்பு அதிகமில்லாத கெட்டித் தயிர் 1 கப், சீனி ¾ கப், இரண்டையும் சீனி கரைய அடித்து, அதில் பேக்கிங் பவுடர் 1¼ தேக்கரண்டியும் சோடா மாவு ½ தேக்கரண்டியும் தூவி ஐந்து நிமிடம் விடுங்கள். நுரைத்து மேலே எழும்பும். பிறகு எண்ணெய் ½ கப், வெண்ணிலா, கடைசியாகச் சலித்த கோதுமை மாவு 1½ கப். கலந்த மாவை உடனே டின்னில் ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். அரை மணி நேரம் வெளியே கிடந்தால் வாயு போய்க் கேக் தட்டையாகும். ஓவனில் 180 பாகை செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம். ஆவியிலும் வேகும், மேல்பக்கம் மட்டும் வெளுப்பாக இருக்கும். கிரீம் பூசுவதால் அது தெரியாது.

இந்தக் கேக் சாக்லேட் கேக்கைவிட மென்மையானது. செதுக்குவதற்கு முன் ஓர் இரவு குளிர்பெட்டியில் இருந்தே ஆக வேண்டும்.

கிரீம் பூசி முடிப்பதற்குள் வழிந்து ஓடுகிறது. என்ன செய்வது?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. காரணம் உங்கள் கையில் இல்லை, காற்றில் இருக்கிறது. வெண்ணெய் 32 பாகைக்கு மேல் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும். நம் ஊரில் மத்தியானச் சூடு அதே 32, 33 பாகையைத் தொடுகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் வெறும் வெண்ணெயில் செய்து காட்டும் பூவும் மடிப்பும் அவர்கள் சமையலறையில் நிற்கும், தகரக் கூரை போட்ட நம் வீட்டில் நிற்காது.

அதனால் கொழுப்பைப் பாதிக்குப் பாதி மாற்றுங்கள். வெண்ணெய் 125 கிராம், ஷார்ட்டனிங் எனும் கெட்டியான வெள்ளைச் சமையல் கொழுப்பு 125 கிராம், சலித்த ஐசிங் சீனி 500 கிராம், பால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி. ஒரு 8 அங்குலக் கேக்கின் நடுவிலும் வெளியிலும் பூச இது போதும். நம் கடைகளில் கிடைக்கும் ஷார்ட்டனிங் பெரும்பாலும் செம்பனை எண்ணெயில் செய்தது. அது வெண்ணெயைவிட அதிகச் சூட்டைத் தாங்கும். தாத்தாவும் அப்பாவும் குலை வெட்டிய மரத்தின் எண்ணெய் பேரப்பிள்ளையின் கேக்கில் வந்து நிற்பது எனக்கு எப்போதும் மனத்துக்கு இதமான ஒரு விஷயம்.

முதலில் வெண்ணெயையும் ஷார்ட்டனிங்கையும் மட்டும் ஐந்து நிமிடம், வெளுத்துப் பொங்கும் வரை அடியுங்கள். பிறகு ஐசிங் சீனியை மூன்று தடவையாகச் சேருங்கள். பாலைக் கடைசியில் ஒவ்வொரு கரண்டியாக விட வேண்டும். நடுவில் தளர்ந்துபோனால் இன்னும் சீனி கொட்டாதீர்கள், பிள்ளைகளுக்குத் திகட்டும். பாத்திரத்தோடு பதினைந்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து மறுபடி அடித்தால் பழையபடி இறுகும்.

நேரமும் முக்கியம். வெயில் ஏறிய பிறகு கிரீம் வேலை செய்ய வேண்டாம். விடியற்காலை, அல்லது இரவு வீடு அடங்கிய பிறகு. கிரீம் பையைக் கை முழுக்கப் பிடித்தால் கைச்சூடே உருக்கிவிடும். பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மீதியைக் குளிரில் வையுங்கள்.

சாக்லேட் கேக் என்றால் இன்னொரு வழியும் உண்டு. கறுப்புக் குக்கிங் சாக்லேட் இரண்டு பங்கு, பால் கிரீம் ஒரு பங்கு, எடைக் கணக்கில். கிரீமைச் சூடாக்கி, நறுக்கிய சாக்லேட்டில் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்துக் கலக்கி ஆறவிட்டால் பூசுகிற பதத்துக்கு வரும். இது இறுகி நிற்கும், ஆனால் நிறம் பழுப்பு மட்டுமே. பசும்பால் கிரீமை அடித்துப் பூசிய கேக்கை மட்டும் வெளி மண்டபத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.

கடையில் ஃபாண்டன்ட் போட்ட கேக் வழவழவென்று இருக்கிறது. வீட்டில் செய்யலாமா?

முழுக் கேக்கையும் ஃபாண்டன்ட்டால் மூடுவதை நான் சொல்ல மாட்டேன். ஃபாண்டன்ட் என்பது பிசைந்த மாவு போல உருட்டி விரிக்கும் சர்க்கரைப் பொருள், காற்றின் ஈரத்தை உறிஞ்சும். குளிர்பெட்டியில் வைத்து வெளியே எடுத்தால் நம் ஊர்க் காற்றுப் பட்டு வியர்த்து, பிசுபிசுத்து, நிறம் ஒழுகும். பிள்ளைகள் பலரும் அதை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். சின்னச் சின்ன உருவத்துக்கு, யானைக் காது, எண், நட்சத்திரம் போன்றவற்றுக்கு ஒரு சிறு பொட்டலம் வாங்கி, இரண்டு நாள் முன்பே வெட்டி மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, கடைசி நேரத்தில் ஒட்டினால் போதும்.

ஹலால் முத்திரை இருந்தால் நம் சைவக்காரர்களும் சாப்பிடலாம்தானே?

அப்படி நினைத்துவிட வேண்டாம். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். மார்ஷ்மெல்லோ, ஜெல்லி மிட்டாய், சில ஃபாண்டன்ட் வகைகள், சில பளபளப்பு ஜெல்கள் ஆகியவற்றில் ஜெலட்டின் இருக்கும். ஹலால் முத்திரை பெற்ற பொருளில் அந்த ஜெலட்டின் மாட்டிலிருந்து எடுத்ததாக இருப்பது சாதாரணம். லேபிளில் ஜெலட்டின் பக்கத்தில் 'லெம்பு' (மலாயில் மாடு) என்று இருக்கிறதா பாருங்கள். 'ஈக்கான்' என்றால் மீன். மாட்டிறைச்சி தவிர்க்கும் நம் வீடுகளில், மற்ற இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்குக்கூட, மேலே தூவிய மிட்டாய் வழியாக அது தெரியாமல் வயிற்றுக்குள் போய்விடக் கூடாது. பாட்டி விரதம் இருக்கிற வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

ஜெல்லி போல நடுங்கும் குளமோ ஆறோ கேக்கில் வேண்டுமானால் அகார் அகார் பயன்படுத்துங்கள். அது கடற்பாசியில் செய்வது, யாருக்கும் தயக்கம் இல்லை. அறைச் சூட்டிலேயே உறையும், வெயிலில் உருகாது. சிவப்பு நிறப் பொருள்களில் இ120 என்ற எண் இருந்தால் அது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் நிறம். கண்டிப்பான சைவக்காரர்கள் அதையும் விட்டுவிடுவார்கள்.

செம்பனை லாரிக் கேக் செய்ய ஆசை. அச்சு வாங்க வேண்டுமா?

அச்சு தேவையில்லை. ஒரு 8 அங்குலச் சதுரக் கேக்கிலேயே முழு லாரியும் வந்துவிடும், ஒரு துண்டுகூட வீணாகாது.

ஓர் இரவு குளிர்ந்த கேக்கை எடுத்து, மேல்பக்கம் புடைத்திருந்தால் ரம்பப் பல் கத்தியால் சீவிச் சமப்படுத்துங்கள். பிறகு சரிபாதியாக வெட்டினால் நான்குக்கு எட்டு அங்குலத்தில் இரண்டு துண்டு கிடைக்கும். முதல் துண்டுதான் லாரியின் உடல். தட்டையான பலகையில் அலுமினியத் தாள் சுற்றி, அதன்மேல் ஒரு சொட்டுக் கிரீம் தடவி வையுங்கள், அப்போதுதான் நகராது. இரண்டாவது துண்டில் மூன்று அங்குல நீளம் வெட்டி, உடலின் முன்பக்கம் கிரீம் வைத்து ஏற்றுங்கள். அது டிரைவர் உட்காரும் தலைப்பகுதி. முன் மூலையைக் கொஞ்சம் சரிவாகச் சீவினால் கண்ணாடி சாய்ந்திருப்பது போலத் தெரியும்.

மீதி ஐந்து அங்குலம் இருக்கிறதே, அதை உதிர்த்து, இரண்டு மூன்று கரண்டி கிரீம் விட்டுப் பிசையுங்கள். எலுமிச்சை அளவில் உருட்டி, ஒரு முனையைச் சற்றுக் கூர்மையாக்குங்கள். அவைதான் குலைகள். பழுத்த செம்பனைப் பழம் அடியில் ஆரஞ்சாகவும் நுனியில் கறுப்பாகவும் இருக்கும் என்று நம் பிள்ளைகளுக்கே தெரியும். அதனால் ஆரஞ்சுச் சிவப்புக் கிரீமை முள்கரண்டியால் குத்திக் குத்திப் பூசி, மேலே கோக்கோ தூளைத் தொட்டுவிடுங்கள். வழவழப்பாக்கக் கூடாது, முள் முள்ளாக இருந்தால்தான் குலை.

இப்போது லாரி முழுவதும் மெல்லிசாக ஒரு கை கிரீம் பூசி அரை மணி நேரம் குளிரில் வைக்க வேண்டும். இந்த முதல் பூச்சு உதிர்கிற தூள்களைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த பூச்சு சுத்தமாக வரும். இதைத் தவிர்த்துவிட்டு மஞ்சள் கிரீமை நேராகச் சாக்லேட் கேக்கில் தடவினால் முழுக்கப் பழுப்புப் புள்ளியாகும். இரண்டாவது பூச்சுக்கு நம் ரோட்டில் ஓடும் லாரியின் நிறம் எதுவோ அதைப் போடுங்கள். பின்பெட்டியின் ஓரத்தில் வேஃபர் பிஸ்கட்டுகளை நிறுத்தி ஒட்டி, உள்ளே குலைகளைக் குவியுங்கள். சக்கரத்துக்கு வட்டச் சாக்லேட் பிஸ்கட் ஆறு. கண்ணாடியும் விளக்கும் கிரீமிலேயே வரையலாம். பிஸ்கட் எல்லாவற்றையும் கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் ஒட்ட வேண்டும். முந்தின இரவே ஒட்டினால் ஈரத்தில் ஊறித் தொங்கும்.

நம்பர் தகட்டில் பிள்ளையின் வயதை எழுதுங்கள். பிள்ளைக்கு அது புரியாது என்றாலும் அண்ணன் அக்கா வாசித்துக் காட்டுவார்கள்.

லாரி அல்லாமல் எளிதான வடிவம் சொல்லுங்கள்.

பட்டாம்பூச்சி: வட்டக் கேக்கை நடுவே வெட்டி, வளைந்த பக்கங்கள் ஒன்றையொன்று தொடும்படி திருப்பி வையுங்கள். கோழிக்குஞ்சு: வட்டக் கேக், மஞ்சள் கிரீம், முக்கோணமாக வெட்டிய மாம்பழம் அலகு. ரயில்: நீளக் கேக்கை ஒரே அளவுத் துண்டுகளாக்கி வளைவாக அடுக்குங்கள். எண் 1, 4, 7 நேர்க்கோடுகள் என்பதால் சுலபம். 2, 3, 5 வளைவுக்குக் காகிதத்தில் வரைந்து வெட்டி, அதைக் கேக்கின்மேல் வைத்துக் கத்தியை ஓட்டுங்கள்.

பெயரைத் தமிழில் எழுத வேண்டும். எழுத்து நடுங்குகிறது.

தமிழில் எழுதுவதற்கு என் முழு ஆதரவு. கேக்கின்மேல் நேராக எழுதாமல் இப்படிச் செய்யுங்கள். காகிதத்தில் பெயரைப் பெரிதாக எழுதி, மேலே பேக்கிங் தாளை விரித்து, உருக்கிய சாக்லேட்டைச் சின்னத் துளையிட்ட பையில் போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். குளிரில் பத்து நிமிடம் வைத்தால் தாளிலிருந்து உரிந்து வரும். நம் எழுத்தில் புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக நிற்பதால், பெயருக்கு அடியில் தடிப்பாக ஒரு கோடு இழுத்து எல்லாவற்றையும் அதோடு சேர்த்துவிடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் கேக்கில் வைத்த பிறகு கிரீமால் இடலாம். ஒரு பெயருக்கு இரண்டு பிரதி செய்துகொள்ளுங்கள், சாக்லேட் உடையக்கூடியது.

எந்தக் கலர் வாங்குவது? பிள்ளை உடம்புக்குப் பயமாக இருக்கிறது.

சின்னக் குப்பியில் தண்ணீராக வரும் கலர் கிரீமைத் தளர்த்தும். ஜெல் கலர் வாங்குங்கள், பல்குத்தும் குச்சி முனை அளவே போதும். சில மணி நேரத்தில் நிறம் தானாக அடர்த்தியாகும். அதனால் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். கறுப்பு வேண்டுமானால் வெள்ளைக் கிரீமில் கலர் கொட்டாமல், கோக்கோ போட்ட பழுப்புக் கிரீமில் தொடங்குங்கள். அடர் சிவப்பைச் சின்ன இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நிறைய கலர் சேர்த்தால் கசக்கும், பிள்ளைகளின் வாயும் சட்டையும் சிவக்கும்.

வீட்டு நிறங்களும் உண்டு. பண்டான் இலையைச் சிறிது தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து ஓர் இரவு வைத்தால் அடியில் அடர்பச்சை தங்கும். மேலே உள்ள தண்ணீரை ஊற்றிவிட்டு அந்த அடிச்சாற்றைக் கேக் மாவில் சேருங்கள். சங்குப்பூவைச் சுடுநீரில் ஊறவைத்தால் நீலம். அதில் எலுமிச்சை பட்டால் ஊதாவாகும். மஞ்சள் தூள் ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் வாசம் காட்டிக்கொடுக்கும். பீட்ரூட் சாறு கிரீமில் அழகான ரோஜா நிறம், மாவில் கலந்து வேகவைத்தால் பழுப்பாகிவிடும். இந்தச் சாறுகளைக் கிரீமுக்குப் போடும்போது சுண்டக் காய்ச்சி ஆறவைத்து, பாலுக்குப் பதிலாக விடுங்கள்.

ஐம்பது பேர் வருவார்கள். எவ்வளவு பெரிய கேக் செய்வது?

பெரிய தீம் கேக் செய்யாதீர்கள். வெட்டுவதற்கு அழகான சின்னக் கேக் ஒன்று, பரிமாறுவதற்கு அதே மாவில் அலங்காரம் இல்லாத தட்டுக் கேக் ஒன்று அல்லது இரண்டு. இரண்டடுக்கு 8 அங்குல வட்டக் கேக்கைச் சின்னத் துண்டாக வெட்டினால் சுமார் இருபது பேருக்கு வரும். டின் மாற்றும்போது ஒரு கணக்கு உதவும்: 8 அங்குலச் சதுரமும் 9 அங்குல வட்டமும் ஏறக்குறைய ஒரே பரப்பு. 6 அங்குல வட்டத்துக்கான அளவை இரட்டித்தால் 8 அங்குல வட்டத்துக்குச் சற்றுத் தாராளமாகவே இருக்கும்.

பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். இதெல்லாம் கொடுக்கலாமா?

இரண்டு வயதுக்குள் சீனி சேர்த்த உணவைத் தவிர்க்கச் சொல்வதுதான் குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அதனால் வந்தவர்களுக்கு ஒரு கேக், பிள்ளைக்கு மட்டும் குட்டியாக ஒன்று. நன்றாகக் கனிந்த வாழைப்பழம் இரண்டை மசித்து, ஒரு முட்டை, அரை கப் கோதுமை மாவு, அரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு கரண்டி எண்ணெய் கலந்து, சின்னக் கிண்ணங்களில் ஊற்றி இருபது நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். மேலே துணியில் வடிகட்டிய கெட்டித் தயிரைப் பூசினால் படத்தில் கிரீம் போலவே இருக்கும். முட்டையோ தயிரோ பிள்ளைக்கு இதுவரை கொடுத்துப் பழக்கமில்லை என்றால் பிறந்தநாள் அன்று முதன்முதலாகக் கொடுக்க வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தை விருந்துக்கு வந்திருந்தால் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது.

இது எல்லாச் சின்னப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்: முழு முந்திரி, முழு நிலக்கடலை, உருண்டை மிட்டாய், மார்ஷ்மெல்லோ, முழுத் திராட்சை ஆகியவை தொண்டையில் அடைக்கும். கேக்கில் அலங்காரமாகக்கூட வேண்டாம், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கும் வீட்டில். உள்ளே குச்சி வைத்திருந்தால் எத்தனை என்று எழுதிவைத்து, வெட்டும்போது எண்ணி எடுங்கள். மினுமினுப்புத் தூள் பொட்டலத்தில் 'நச்சில்லை' என்று போட்டிருப்பது போதாது, 'உண்ணத்தக்கது' என்று தெளிவாக இருக்க வேண்டும். சட்டியில் மிஞ்சிய பச்சை மாவைப் பிள்ளைகள் நக்க விடாதீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் விருந்து. எப்போது தொடங்குவது?

வியாழன் இரவு கேக்கை வேகவைத்து, முழுக்க ஆறியதும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் குளிரில் வையுங்கள். வெள்ளி இரவு கிரீம் அடித்து, வெட்டி, இரண்டு பூச்சும் முடித்துவிடலாம். சனி காலையில் குலை, பெயர். பிஸ்கட் மத்தியானம். கேக்கைக் குளிர்பெட்டியில் வைப்பதற்கு முன் சம்பாலையும் மீன் குழம்பையும் இறுக்கமாக மூடுங்கள், டுரியான் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். வெண்ணெய் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும்.

வெளியே வைக்க நேர்ந்தால் எறும்பு வந்துவிடும். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் கேக் பலகையை வையுங்கள்.

மெழுகுவத்தியை ஊதி அணைப்பது மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நல்ல நாளில் விளக்கு ஏற்றுவதுதான் நம் வழக்கம். பிள்ளையின் கையைப் பிடித்துக் குத்துவிளக்கை ஏற்றச் சொல்லுங்கள், பெரியவர்களிடம் திருநீறு பூசிக்கொள்ளட்டும், பிறகு மெழுகுவத்தி இல்லாமல் கேக்கை வெட்டலாம். ஃபாண்டன்ட்டில் வெட்டிய வயது எண் மேலே நின்றால் எதுவும் குறைவாகத் தெரியாது. சின்னப் பிள்ளைகள் ஊதும்போது கேக் முழுக்க எச்சில் தெறிப்பதும் இதனால் நின்றுபோகும்.

பாலர் பள்ளிக்குக் கொடுத்தனுப்பலாமா? மலாய்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். வெட்டத் தேவையில்லாத கப் கேக்குகள் அங்கே வசதி. எல்லாப் பொருளும் ஹலால் முத்திரை உள்ளதாக, எசன்ஸ் மது கலக்காததாக இருக்கட்டும். அப்படியும் வீட்டுச் சமையல் என்பதால் சில பெற்றோர் தயங்கலாம், அது அவர்கள் நம்பிக்கை. அந்தப் பிள்ளைகளுக்கென்று ஹலால் முத்திரையோடு மூடிய பொட்டலம் பிஸ்கட்டோ ஜூஸோ தனியாக அனுப்பினால் யாருடைய கையும் வெறுமையாக இருக்காது.

மண்டபம் வரை மண்ரோடு. கேக் சாயாமல் எப்படிக் கொண்டு போவது?

காரின் இருக்கை சாய்வானது, அதில் வைக்கக் கூடாது. முன்பக்கக் கால்வைக்கும் இடம் சமமாக இருக்கும். அங்கே வழுக்காத விரிப்பைப் போட்டுப் பெட்டியை வையுங்கள். குளிர்சாதனத்தைப் பத்து நிமிடம் முன்பே ஓடவிடுங்கள், காற்று காலடிக்குப் போகும்படி திருப்புங்கள். உயரமான கேக் என்றால் தடித்த உறிஞ்சுகுழல் மூன்றை மேலிருந்து அடிவரை குத்தி, கேக் உயரத்துக்கே வெட்டிவிடுங்கள், அடுக்கு நகராது. குலைகளைத் தனி டப்பாவில் எடுத்துப்போய் அங்கே ஏற்றுவதுதான் பத்திரம்.

மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது என்றால் பக்கத்து வீட்டில் யாரிடமாவது காருக்குச் சொல்லிவையுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் கேக்கைத் துண்டுகளாகவே, கிரீமைப் பையிலேயே எடுத்துப்போய், மண்டபத்தில் அரை மணி நேரம் முன்னால் பூசி முடித்துவிடலாம். லாரிக் கேக்குக்கு இது நன்றாகவே ஒத்துவரும். வெண்ணெய்க் கிரீம் கேக்கை வெட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு குளிரிலிருந்து எடுங்கள். பால் கிரீமோ பழமோ வைத்த கேக் இந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. மிஞ்சியதை உடனே டப்பாவில் போட்டுக் குளிரில் வைத்துவிடுங்கள்.